இரண்டு சாம்பியன்களும் என் கமிஷன் ரிப்போர்ட்டும்

படித்தவர்கள் எழுதட்டும் என்று இத்தனை நாள் ஒதுங்கியிருந்தவன் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம் வரை போனேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வழக்குக் காகிதங்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேனாவைப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வருகிறது. அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குத்துச்சண்டையைப் பற்றி எழுதப் போகிறேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த வாரம் முழுவதும் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. நாலு வருஷமாக ஆக்டிங். நான் நிரந்தரமாவதற்கு என்னைவிட ஆவலாகக் காத்திருந்தவர் என் மாமனார். ராதாபுரத்துப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். பிரசவத்துக்குப் போன என் மனைவியை அவர் திருப்பி அனுப்பவில்லை. "வேலை நிலைக்கட்டும் மாப்பிள்ளை, பொறவு கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே உங்கள வரவேண்டாம்னு சொல்லிட்டா பிள்ளையத் தூக்கிட்டு எங்க போய் நிப்பீய?" என்றார். பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் அவன் நடக்கத் தொடங்கியதையும் நான் கடிதத்தில்தான் பார்த்தேன்.

என்னை நிரந்தரமாக்கும் பட்டியலை எழுதவேண்டியவர் சிரஸ்தார், அதாவது எங்கள் தலைமைக் குமாஸ்தா. 'நடத்தை நன்று' என்று அதில் கையெழுத்திட வேண்டியவர் நாசர். சம்மன், ஜப்தி எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு சிரஸ்தார் அதைத் துரையிடம், எங்கள் வெள்ளைக்கார ஜட்ஜிடம், கொண்டுபோய் வைக்க வேண்டும். துரை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் குற்றாலத்துக்குப் புறப்படுகிறார். சாரல் காலம். போனால் ஆவணி பிறந்துதான் திரும்புவார்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஓர் இங்கிலீஷ் பத்திரிகை வந்தது. அமெரிக்காவில் சாம்பியனாக இருந்த கறுப்பர், அவரை அடித்து இறக்குவதற்கென்றே அழைத்துவரப்பட்ட வெள்ளைக்காரரை அடித்துப் போட்டுவிட்டார் என்று செய்தி. துரை அதைப் படித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். துரையின் அறை வாசலில் நிற்கும் சேவகரான தபேதார் அதை எடுத்து, மடிப்பை நீவி, எங்களிடம் கொண்டுவந்தார். துரை குப்பையில் போட்ட செய்தி என்றால் அது முக்கியமான செய்தி. அதன் கீழே, வெறுங்கையால் சண்டையிட்ட பழைய காலத்துச் சாம்பியன் ஒருவரின் படத்தைக் கறுப்பரின் படத்துக்குப் பக்கத்தில் போட்டு, இந்த இருவரும் ஒரே காலத்தில் பிறந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று கேட்டிருந்தார்கள். கேட்டது அமெரிக்காவை. பதில் சொல்லும் பொறுப்பை எங்கள் அலுவலகம் ஏற்றுக்கொண்டது.

சிரஸ்தார் பழையவர் பக்கம். மெலிந்த மனிதர். விடியுமுன் ஆற்றில் குளித்துத் திருநீறு பூசி வருபவர். மாமிசம் சமைக்கிற தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். "ஒரு நேரத்துக்கு ஒரு முழு ஆட்டுத்தொடை தின்னுருப்பான் வே! இந்தக் காலத்துப் பயலுவளுக்கு அந்தச் சாப்பாடு உண்டா?" என்று பூசணிக்காய்க் கூட்டைப் பிசைந்தபடியே கேட்டார்.

நாசர் புதியவர் பக்கம். பருத்த உடம்பு. ஜப்திக்குப் போகிற வீட்டில் நாய் குரைத்தால் அமீனாவை முன்னால் விட்டுத் தெருவிலேயே நின்றுகொள்வார்.

"சாப்பாட்ட விடுங்க அண்ணாச்சி. கையில உறை மாட்டிக்கிட்டு அடிக்கதுதான் கலை."

"உறையா? தலையணைய வச்சு மொத்துததெல்லாம் ஒரு அடியா வே?"

"படத்துல நிறத்தப் பாத்தீயளா? நம்ம நிறம். அதுக்காவாவது…"

"பைய பேசும் வே! ஜன்னல் தெறந்து கிடக்கு."

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவது ஆளாக ஒரு போலீஸ்காரர் வந்து நிற்பார். ஆகவே நிறத்தை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வந்தார்கள். அதுதான் இருவருக்கும் பழக்கமான நிலம்.

"உங்க ஆளு பட்டத்த விட்டு எத்தன வருசம் ஆச்சு?" என்று நாசர் ஆரம்பித்தார். "பன்னிரண்டு வருசம் கேக்காம விட்டா நஞ்சையே கைய விட்டுப் போயிரும். காலாவதி, அண்ணாச்சி!"

"காலாவதிங்கது ஒரே ஆளு அனுபோகத்துல இருந்தாத்தான். நடுவுல எத்தன கை மாறியிருக்கு? ஒம்ம ஆளுக்கு மூலப் பத்திரம் எங்க?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு சாம்பியன்களும் தாமிரபரணிப் பாசனத்தில் அடுத்தடுத்த இரண்டு வயல்களாகிவிட்டார்கள். வாதி, பிரதிவாதி, எல்லைத் தகராறு எல்லாம் ஏற்பட்டுவிட்டன. இனி ஸ்தலத்தைப் பார்வையிட ஒரு கமிஷனர் வேண்டும். அப்போது தபேதார் என்னைக் காட்டினார். "இவரு தூத்துக்குடியில குத்துச்சண்டைய நேர்லயே பாத்தவருல்லா?"

இதை நான் விளக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் இருவர் குத்துச்சண்டை போட்டதைப் பார்த்ததாக ஒருமுறை சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் என்னை எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த ஒரு நிமிஷத்தை இழக்க மனமில்லாமல் நாலு வருஷமாகத் திருத்தாமல் வைத்திருந்தேன். உண்மையில் நான் கூட்டத்துக்குக் கூச்சப்பட்டுப் பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருந்தும் கமிஷனர் நானே என்று முடிவாயிற்று; அங்கே கண்டதை வைத்து, இரண்டு சாம்பியன்களில் யார் பக்கம் நியாயம் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும்.

புதன்கிழமை சிரஸ்தார் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏலே, ரிப்போர்ட்ட நிதானமா எழுது. பட்டியலும் எங்கிட்டதான் இருக்கு. ரெண்டும் ஒரே மேசைதான், பாத்துக்க." அரைமணி கழித்து நாசர் கூப்பிட்டார். "ஒன் நடத்தையப் பத்தி நல்லதா எழுதணும்னுதான் நெனச்சிருக்கேன்லே. ஒன் ரிப்போர்ட்டப் படிச்சிட்டு எழுதுதேன்."

வியாழக்கிழமை முழுவதும் காகிதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். பழையவர் என்று எழுதினால் நாசர் போவார். புதியவர் என்று எழுதினால் சிரஸ்தார் போவார். இருவரும் சமம் என்று எழுதினால் இருவருமே போவார்கள். ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டாமல் தவித்த பிலாத்துவுக்குக் கை கழுவத் தண்ணீராவது கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினேன். உண்மை எழுதுகிறவர்களில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, வளாகத்து வேப்ப மரத்தடியில் சிரஸ்தார் அதை உரக்க வாசித்தார். "ஸ்தலத்தில் நான் கண்டதாவது: பஞ்சுப் பொதிகள். அவற்றுக்கு அப்பால் ஜனங்களின் முதுகுகள். ஒரு தொப்பி மேலே எழும்பிற்று. அது கீழே விழுந்ததை நான் காணவில்லை. சண்டையையும் நான் காணவில்லை. கண்டதாக இதுநாள் வரை சொன்னது பொய்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலை போயிற்று, மனைவி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

"தொப்பி எவ்வளவு உசரம் போச்சு?" என்று சிரஸ்தாரின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். "பொதிக்கு மேல ரெண்டு முழம் இருக்கும், ஐயா."

"கேட்டீரா வே! வெறுங்கை அடி! உறை போட்ட கையால அடிச்சா தொப்பி அங்கன போவுமா?"

"அடிவாங்கினவன் தொப்பின்னு யாரு சொன்னா?" என்றார் நாசர். "வேடிக்க பாத்தவன் சந்தோசத்துல வீசியிருக்கான். சண்ட சுத்தமா இருந்தாத்தான் சந்தோசம் வரும். உறை போட்டாத்தான் சுத்தம்!"

நான் பொய் சொன்னதாக எழுதிய வரியை இருவரும் கவனிக்கவே இல்லை. ரிப்போர்ட் தங்களுக்கே சாதகம் என்ற திருப்தியில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள். சிரஸ்தார் என் பெயரைப் பட்டியலில் சேர்த்தார். நாசர் 'நடத்தை மிக நன்று' என்று எழுதினார். மணி மூன்று. பட்டியல் துரையின் மேஜைக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. என் மனைவியை அழைத்துவர எந்த வண்டி பிடிக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"ஆனா ஒண்ணு," என்றார் நாசர். "கையால வீசினா ரெண்டு முழம் தாராளமா போவும். வேணும்னா பாத்துருவோமா?"

"பாத்துருவோம்! தபேதார், இத வீசும்!" என்று சிரஸ்தார் தன் தலைப்பாகையைக் கழற்றிக் கொடுத்தார். சரிகை போட்டு, கட்டிய கட்டு கலையாமல் அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிற தலைப்பாகை. தபேதார் முன்பு பட்டாளத்தில் இருந்தவர். உத்தரவு என்றால் அவருக்கு முழு பலத்தோடு செய்துதான் பழக்கம். தலைப்பாகை இரண்டு முழம் போகவில்லை. வேம்பின் உச்சிக் கொப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீயளா அண்ணாச்சி, கை வீச்சு!" என்று நாசர் கைதட்டினார்.

சிரஸ்தார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தலைப்பாகை இல்லாமல் துரையின் முன் யாரும் போய் நிற்க முடியாது. பட்டியலைச் சிரஸ்தார் தவிர வேறு யாரும் வைக்கவும் முடியாது. நாசர் தன்னுடையதைக் கொடுத்தார். அது சிரஸ்தாரின் கண்ணை மறைத்து மூக்கில் வந்து நின்றது. அதற்குள் துணி வைத்துப் பார்த்தார்கள். பத்திரிகையைக் கிழித்து வைத்துப் பார்த்தார்கள். ஏணிக்கு ஆள் போயிற்று. கல்லை விட்டெறிந்தார்கள். பனங்காட்டில் பெண் எடுத்தவன் நான். ஒரு வேம்பு ஏறத் தெரியவில்லை. இருந்தும் ஏறினேன். முதல் கவட்டை வரை போய், இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தபோது, வாசலில் துரையின் வண்டி மணி கேட்டது. அங்கிருந்து வண்டி நன்றாகவே தெரிந்தது. அது குற்றாலத்துப் பாதையில் மேற்கே திரும்பியதையும் பார்த்தேன்.

கீழே நாசர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன இருந்தாலும் பழையவன் இந்த உசரத்துக்கு அடிச்சிருக்க மாட்டான், அண்ணாச்சி."

மறுநாள் சனிக்கிழமை. பத்தரை மணிக்குப் போய், ஆக்டிங் என்று போட்டுக் கையெழுத்திட்டேன். பட்டியலைச் சிரஸ்தார் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். மத்தியானம் மாமனாருக்கு, ஆவணி வரை பொறுக்கும்படி ஒரு கார்டு எழுதித் தபாலில் போட்டேன்.