நாலு மாதம் இருபது நாள்

சுற்றுலா போகிறவர்களுக்கு மலேசியாவில் விசா தேவையில்லை என்று அறிவித்ததும், சுரங்கத்தில் என் ஷிப்டில் வேலை பார்த்த நாலு பேர் குடும்பத்தோடு போய்வரலாம் என்று முடிவு செய்தோம். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. நானும் என் மனைவியும் அதுவரை விமானம் ஏறியதில்லை. வடலூரில் ஒரு டிராவல்ஸ்காரர் டிக்கெட்டும் ஓட்டலும் ஏற்பாடு செய்தார். "பாஸ்போர்ட்டெல்லாம் சரியா இருக்கானு ஒரு தடவ பாத்துக்குங்க சார்" என்றார். "எல்லாம் பாத்துட்டேன்" என்றேன். நான் பார்த்தது பெயரும் போட்டோவும் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

இந்த மாதிரி காரியங்களில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆதார் திருத்தமோ பென்ஷன் படிவமோ, யாராக இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். திரும்பிவரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுவைத்தேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தையும் செல்போனில் நானே நிரப்பினேன். பாஸ்போர்ட் முடியும் தேதி என்ற கட்டத்தில் என் மனைவியின் தேதியை என் விரலால்தான் தட்டினேன். தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

அவள் பாஸ்போர்ட் என்னுடையதைவிடப் பழையது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் தங்கை பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது ஆசையாக எடுத்தது. அந்த வருடம் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். "நீ போயிட்டா இங்க யாரு பாக்கறது?" என்று கேட்டேன். அவள் பாஸ்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். ஒரு முத்திரைகூட விழாமல் ஒன்பது வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

கிளம்பிய அன்று காலை எதிர் வீட்டம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேன் வரை வந்தார்கள். "பத்துமலை முருகன்கிட்ட எங்களுக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்றார் எதிர் வீட்டம்மா. என் மனைவி புதுச் செருப்பு போட்டிருந்தாள். வேனில் ஏறும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சென்னை விமான நிலையத்தில் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிய பெண் என்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு அவளுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், மேடம் பாஸ்போர்ட் முடிய இன்னும் நாலு மாசம் இருபது நாள்தான் இருக்கு. குறைஞ்சது ஆறு மாசம் இருக்கணும்."

"விசாவே வேணாம்னு சொன்னாங்களேம்மா?"

"விசா வேணாம் சார். ஆனா அந்த நாட்டுக்குள்ள போற தேதியிலேர்ந்து ஆறு மாசம் பாஸ்போர்ட் செல்லணும். இல்லன்னா அங்க உள்ள விட மாட்டாங்க. நாங்களும் ஏத்த முடியாது. நீங்க போகலாம் சார். மேடம் போக முடியாது."

மேலதிகாரி ஒருவர் வந்தார். அவரும் அதையே சொன்னார். கூட வந்தவர்கள் வரிசையில் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் உதவாது என்று எனக்கே தெரியும்.

என் மனைவிதான் முதலில் பேசினாள். "நீங்க போயிட்டு வாங்க. ரெண்டு பேரும் திரும்பிப் போயி என்னா பண்ணப் போறோம்?"

அதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்ல நான் இடம் வைக்கவில்லை. எனக்கும் விமானம் ஏற ஆசை இருந்தது. அதுதான் உண்மை.

இருவர் துணியும் ஒரே பெட்டியில் இருந்தது. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, தன் புடவைகளை மட்டும் எடுத்து ஒரு கட்டைப்பையில் அடுக்கினாள். என் பிரஷர் மாத்திரையை மேலாக எடுத்துவைத்து, "காலைல மறக்காதீங்க" என்றாள். சாயங்காலம் நான் மலேசியாவில் இறங்கியதும் போன் செய்தேன். பஸ்ஸில் இருப்பதாகவும், திருவதிகையில் அக்கா வீட்டில் இருந்துகொள்வதாகவும் சொன்னாள்.

ஆறு நாளும் போட்டோ அனுப்பினேன். பொன்னிற முருகன், வண்ணப் படிகள், உயரமான கட்டடங்கள். "நல்லா இருக்கு" என்று பதில் வரும். வீடியோ காலில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்பாள்.

விடியுமுன் நான் திரும்பி வந்தபோது குவார்ட்டர்ஸ் முன்வாசலில் பூட்டுத் தொங்கியது. என் சாவியால் திறந்து உள்ளே போனேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி ஈரப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என் மனைவி தரையில் உட்கார்ந்து கொல்லையில் பறித்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"அன்னைக்கு ராத்திரியே வந்துட்டேன், எல்லாரும் தூங்கனப்புறம். உள்ள வந்து பின்கதவத் தொறந்து வச்சிட்டு, முன்னாடி பூட்டிட்டு, சுத்திக்கினு பின்பக்கமா வந்துட்டேன்."

ஆறு நாளும் அவள் முன்பக்கம் வரவில்லை. டி.வி. போடவில்லை. குக்கர் விசில் வெளியே கேட்கும் என்று பானையில் சோறு வடித்தாள். எதிர் வீட்டம்மா வாட்ஸ்அப்பில் ஊர் எப்படி என்று கேட்டபோது, நான் அனுப்பிய போட்டோக்களையே அவருக்கு அனுப்பியிருந்தாள்.

"அக்கா வூட்டுக்குப் போறேன்னியே?"

"அக்கா மட்டும் கேக்காதா? பாஸ்போர்ட்டுல தேதி பத்தலன்னு சொன்னா, ஊருக்கெல்லாம் ஃபாரம் ரொப்புறவரு சொந்தப் பொண்டாட்டிக்குப் பாக்கலியான்னு கேப்பாங்க. உட்டுட்டு நீங்க மட்டும் போனீங்கன்னு வேற சொல்லுவாங்க. அதெல்லாம் எதுக்குங்க?"

நான் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் கீரையை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கூட வந்த மூன்று குடும்பமும் வேறு பிளாக்குகளில் இருந்தன. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டேன். எதிர் வீட்டம்மா கேட்கும்போதெல்லாம் என் மனைவி அந்தப் படிகளைப் பற்றியும் அங்கே இருக்கும் குரங்குகளைப் பற்றியும் சொல்வாள். நான் அவளிடம் சொன்னதைத்தான் சொல்வாள். ஓரிடத்தில்கூடத் தப்பாது. அப்போது அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன்.

அடுத்த மாதமே அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தாள், கையெழுத்துப் போட்டாள். புதிய பாஸ்போர்ட் தபாலில் வந்ததும், "சிங்கப்பூர் போலாம், தங்கச்சியப் பாத்துட்டு வரலாம். அதுக்கு விசா வேணும், நானே ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"அவ கூப்பிட்டப்ப போவல. அந்தக் கொழந்த இப்ப அஞ்சாவது படிக்குது. இப்ப போயி என்னாங்க பண்றது?" என்றாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஏதாவது பேச வந்திருக்கும்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. சில நாள் முன்பு பக்கத்து வீட்டுப் பெண் பேச்சுவாக்கில், "நீங்க வெளிநாடெல்லாம் போயிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவருதான் போயிருக்காரு. என் பாஸ்போர்ட்டுல நாள் பத்தல" என்றாள் என் மனைவி.

தப்பு என்னுடையது என்று நான் அப்போது சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவர்கள் பேச்சு அதற்குள் தண்ணீர் வரும் நேரத்துக்கு மாறிவிட்டது.