இஸ்திரி போட்ட பெல்ட்

பட்டறையில் அவருக்கு 'இழுவை' என்று பெயர். மோதி வந்த கார்களின் சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்ப்பதால் வந்தது. வேலையை இழுத்தடிப்பதால்தான் என்பார் முதலாளி. இரண்டையும் மறுக்க அவருக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து கார்களுக்குள் குனிந்து குனிந்து, தோள்வலியோடு இடுப்புவலியும் கூட்டுச் சேர்ந்திருந்தது.

அன்றைய கடைசி வண்டி, அவர் வீட்டோடு இருக்கும் மைத்துனனுடைய வாடகைக் கார். முந்தின நாள் லாரியின் பின்னால் இடித்திருந்தான். நசுங்கிய தகரத்தைத் தட்டி எடுத்தாயிற்று. பெல்ட் மட்டும் பாக்கி. "ஆளைப் பிடிச்சு நிறுத்தின நாடா அலை அலையா சுருங்கிடும். அப்படி இருந்தா மாத்தித்தான் ஆகணும்" என்று முந்தின இரவு வீட்டில் சாப்பிடும்போது இவரேதான் சொல்லி வைத்தார்.

இப்போது நாடாவில் ஓர் அலைகூட இல்லை. இழுத்தார். மார்புக்கு நேரே வரும் இடம் மட்டும் விறைத்துப் பளபளத்தது. முகர்ந்து பார்த்தார். தீய்ந்த வாடை.

"மாப்ள, என்ன பண்ணீங்க இதை?"

"ஒண்ணும் பண்ணலையே அத்தான்."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

மைத்துனன் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான். "நீங்க தூங்கினப்புறம் அக்காதான்... வாசலுக்கு ஒயர் இழுத்து, கார்லயே பலகை வெச்சு இஸ்திரி போட்டுக் குடுத்தா."

"என் சட்டைக்கு ஒரு நாள் பெட்டி வெச்சதில்ல உங்க அக்கா."

"விடுங்க அத்தான். காலையில சவாரி இருக்கு, விட்டா வேற ஆளுக்குப் போயிடும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முதலாளி வண்டியை விட்டுடுவாரு."

ஒரு வார்த்தைதான். சொன்னால் இப்போதே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். சொல்லாவிட்டால், தட்டை வைக்கும் சத்தத்திலேயே மனைவியின் கோபம் கேட்கும்.

"அடுத்த தடவை இடிச்சா இது உங்களைப் பிடிக்காது மாப்ள. சூட்டுல இழை செத்துப்போச்சு."

"அடுத்த தடவை ஏன் இடிக்கப்போறேன்?"

"போன தடவை மட்டும் நாள் குறிச்சா இடிச்சீங்க?"

மேலே பேசினால் இளகிவிடுவோம் என்று பயந்து கத்தரியை எடுத்தார். தடித்த நாடா ஒரே வெட்டில் போகவில்லை. நறநறவென்று அறுக்க வேண்டியிருந்தது.

"அத்தான்!"

"புதுசு வரட்டும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

மைத்துனன் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு நடந்தான். வாசலைத் தாண்டுமுன்பே போனைக் காதில் வைத்து, "அக்கா, உன் புருஷன்..." என்று ஆரம்பித்துவிட்டான்.

அவர் மெதுவாகக் கை கழுவினார். வீட்டுக்குப் போக மைத்துனனுக்கும் அவருக்கும் ஒரே பஸ்தான். கூட்டமிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார்.