அத்தைக்கு நான் படித்துக் காட்டிய வெள்ளம்

கல்யாணமாகிப் பீளமேட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் என் மாமியாருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. அத்தை என் வேலையில் குறை சொல்ல மாட்டார். பாராட்டவும் மாட்டார். அதுவே பயமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை, "ஏங்கண்ணு, அதையக் கொஞ்சம் சத்தமாத்தான் படியேன்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகள் எங்களுடையவை. ஆற்றங்கரை ஊரொன்றில் தாயில்லாத ஒரு பெண், சித்தியிடம் படாத பாடு படுகிறாள், அதுதான் கதை. டவுன் பஸ்ஸில்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அத்தை அவளை 'அந்தப் புள்ள' என்பார். நாய்க்குச் சோறு வைக்கும்போதுகூட 'வாங்க சாமி' என்று கூப்பிடுகிறவர், சித்திக்காரியைத் திட்டும்போது மட்டும் மரியாதையைக் காற்றில் விட்டுவிடுவார். என்னால் சிரிப்பை அடக்க முடியாது.

அத்தைக்கு என் கணவருக்கு மூத்ததாக ஒரு பெண் இருந்தாள். பெரியநாயக்கன்பாளையம் பக்கம் அத்தை பிறந்த ஊரில், ஒன்பது வயதில், மழைக்காலத்து ஓடையைத் தாண்டும்போது மலைத்தண்ணீர் வந்து அவளை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவே இல்லை. என் கணவர் இதை ஒரே ஒரு முறை சொன்னார். வீட்டில் வேறு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கதையில் ஆறு பெருகிய வாரம் நான் முன்னதாகவே ஒரு முறை படித்துப் பார்த்திருக்க வேண்டும். அசட்டையாக இருந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீரில் விழுந்தாள். அடுத்த பத்தியில் அவள் சாகிறாள் என்பது கண்ணில் பட்டதும் நிமிர்ந்தேன். அத்தையின் கை அரிசியில் அப்படியே நின்றிருந்தது.

"அப்பறம்?"

"அப்பறம்... ஒரு புங்க மரத்து வேரப் புடிச்சுக்கிட்டாளுங்கத்தே."

அப்படித்தான் ஆரம்பித்தது. கீழே இருந்த ஒரு ஊரில் அவளைக் கரையேற்றினேன். யாரோ ஒரு அம்மாள் காய்ந்த சேலை கொடுத்தாள், சூடாகக் கஞ்சி ஊற்றினாள். பக்கத்திலிருந்த படத்தில் அவள் கூந்தல் விரிந்து மிதந்தாள். கட்டைவிரலால் மறைத்தும் அத்தை பார்த்துவிட்டார். "நீச்சலடிக்கறாளுங்க" என்றேன். தொடர் இன்னும் ஐந்து வாரம் ஓடியது. பத்திரிகையில் ஊரே அவளுக்காக அழுதுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அவள் கடலை வறுத்துத் தின்றுகொண்டிருந்தாள். இல்லாததைப் பக்கம் பார்த்துப் படிப்பது லேசான வேலை இல்லை. எங்கே புரட்ட வேண்டும், எங்கே தடுமாற வேண்டும் என்றெல்லாம் யோசிக்க வேண்டும். அந்த ஆறு வார இதழ்களையும் தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து அந்தக் கதை படமாக வந்தது. ஆர்.எஸ்.புரம் சுவர்களில் கதாநாயகியின் முகத்தைவிடப் பெரிதாக 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்' என்ற எழுத்து இருந்தது. கதையில் வெள்ளம் இரண்டு பத்திதான். படத்தில் இருபது நிமிஷம் என்றார்கள். கம்ப்யூட்டருக்கு எது வருமோ அதுவே கதை என்றாகிவிட்டது. சித்தியின் நாக்கை எந்தக் கம்ப்யூட்டராலும் செய்ய முடியாதே, அதனால் அவளுக்கு இரண்டே காட்சி.

"நம்ம கதையப் படமா எடுத்துருக்கறாங்களாமா. போலாமா கண்ணு?" என்றார் அத்தை. அதற்கு முன் அவர் எங்கேயும் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டதில்லை. கூட்டமாக இருக்கும் என்றேன், தலைவலி என்றேன். மூன்றாவது வாரம் அவரே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். என் பொய் வெளிப்படும் என்பதுகூடப் பெரிதில்லை. அந்தத் தண்ணீரை அவர் பார்க்கப் போகிறார் என்பதுதான் என் பயம்.

அதற்கு முந்தைய படங்களில் வெள்ளம் என்றால் தொட்டியில் அட்டை வீடு மிதக்கும். தெரிந்தே அழுவோம். இது அச்சு அசலாக இருந்தது. சேறும் மரமுமாக மலையிலிருந்து இறங்கியது. ஒருவரும் அழவில்லை, விசிலடித்தார்கள். பின் சீட்டில் ஒருவர் மனைவியிடம், "அத்தனையும் கம்ப்யூட்டரு அம்மணி, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். படத்தில் அந்தப் பெண் முழுகினாள். எழவில்லை. நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மாட்டினி முடிந்து பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றதும் அத்தை சொன்னார். "தப்பா எடுத்துப்போட்டாங்க கண்ணு."

"ஆமாங்கத்தே."

"கம்ப்யூட்டரு இருக்குதுன்னு என்னத்த வேணாலும் காட்டறாங்க. நீ படிச்சதுதானே நெசம்?"

"ஆமாங்கத்தே."

அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை போய்ப் பல வருஷமாகிறது. இப்போதெல்லாம் எந்தக் கதையையும் எப்படி வேண்டுமானாலும் காட்டுகிறார்கள். நானும் வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறேன். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைக்காதா என்று மனது கிடந்து ஏங்குகிறது. "அப்பறம்?" என்று என்னைக் கேட்க இன்று ஒருவருமில்லை.

அன்று பஸ் வர நேரமானது. அத்தை என்னைப் பார்க்காமல் கேட்டார். "அவ கரையேறுனாளே, அது எந்த ஊருன்னு போட்டிருந்துச்சு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஊர் பேரு போடலீங்கத்தே" என்றேன்.

"போட்டிருக்கலாம்" என்றார் அத்தை. "ஒருக்கா போய்ப் பாத்துப்போட்டு வந்திருக்கலாம்."

ஆறு வாரம் வாய் ஓயாமல் பொய் சொன்னவளுக்கு, அன்று ஒரே ஒரு ஊரின் பெயர் வாயில் வரவில்லை.