கீழே இறங்கியதைச் சொல்ல வந்தவர்கள்

எங்கள் ஓ.பி.க்கு வருகிற பெண்கள் வந்த காரணத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் மூட்டு வலி, தலைசுற்றல், பசியில்லை என்பார்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பாதி திறந்த பிறகு திரும்பிப் பார்த்து, “இன்னொண்ணு சிஸ்டர்…” என்று இழுப்பார்கள். அந்த இன்னொண்ணுதான் என் வேலை.

செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை இறங்கியவர்கள், இருமினால் தும்மினால் மூத்திரம் கசிகிறவர்கள், அடக்க முடியாமல் தவிக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் என் அறைக்கு வந்து சேர்வார்கள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ரிங் வைத்தவர்களுக்கு அதை எடுத்துக் கழுவி மாட்டுவது, ஆபரேஷன் ஆனவர்களைத் தூக்காதே குனியாதே என்று மிரட்டுவது என் பொறுப்பு. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் தும்மல் வந்தால் ஒரு காலோடு இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு நிற்பவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தவள் முன்னால் என்ன வெட்கம்? உட்காருங்கள், சொல்கிறேன்.

யாரும் கேட்கவில்லை

கன்னியம்மா சிங்கவரத்திலிருந்து வருவார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரே மாதத்தில் மூன்று முறை இடுப்பு வலி என்று வந்தார். மூன்றாவது முறைதான் கதவருகே நின்று திரும்பினார். டாக்டரம்மா மேசையில் படுக்க வைத்துப் பார்த்தார். கர்ப்பப்பை முழுதாக வெளியே வந்து, புடவையில் உரசி உரசிப் புண்ணாகி இருந்தது. தினம் காலையில் கையால் உள்ளே தள்ளிவிட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கழனிக்குப் போவாராம். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாராம்.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். “கடைசிப் பையன் பொறந்து பதினோராம் நாளு நாத்து நடப் போனேன். அப்பலருந்து” என்றார். அந்தப் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு, பிரஷர், கண் கேம்ப் என்று இத்தனை வருஷத்தில் எத்தனை டாக்டரைப் பார்த்திருப்பீர்கள், ஒருவரிடமாவது சொல்லக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

“கண்ணு டாக்டரு கண்ணப் பத்திக் கேட்டாரு, பிரஷர் டாக்டரு பிரஷரப் பத்திக் கேட்டாரு. இதப் பத்தி யாரும் கேக்கலியே சிஸ்டர்.”

எந்தச் சதை?

உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது இருக்கிறதே, அதைப் போல அலுப்பான வேலை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சதையைச் சுருக்கச் சொல்ல வேண்டும். சுருக்குங்கள் என்றால் ஒருத்தி வயிற்றை எக்குவாள், ஒருத்தி தொடையை நெரிப்பாள், ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து உட்கார்ந்திருப்பாள். புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டியவர்களும் உண்டு. ஒரு நாள் காலையிலிருந்து ஆறு பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டு போயிருந்தேன். ஏழாவதாக வந்தது சந்தையில் கீரை விற்கிற அம்மா ஒருவர். சுற்றி வளைக்காமல், “நாலு பேர் நடுவுல காத்து வெளிய வராம அடக்குவீங்க இல்ல, அந்தச் சதைதான். அத இறுக்கி அஞ்சு எண்ணுற வரைக்கும் புடிச்சி, மெதுவா விடுங்க. பத்து தடவ. தெனம் மூணு வேள” என்றேன்.

“அதத்தான் முப்பது வருசமா பஸ்ஸுல பண்ணிக்கினு வரேன், அப்புறம் ஏன் எறங்குச்சி?”

காக்கி

வயசானவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். புவனாவுக்கு இருபத்தெட்டு வயது. போலீஸ் கான்ஸ்டபிள். பெரிய குழந்தை, நெடுநேரம் முக்கி, கடைசியில் மிஷின் வைத்து எடுத்த பிரசவம். லீவு முடிந்து டியூட்டிக்குப் போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஓடினால் கசிவு, இருமினால் கசிவு. திருவிழா பந்தோபஸ்து என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். ஒதுங்க இடம் இருக்காது. அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அதனால் மூத்திரக் கடுப்பு வந்து காய்ச்சலோடுதான் எங்களிடம் வந்தாள். “வேற வேலைன்னா சமாளிப்பேன் சிஸ்டர். காக்கில ஈரம் பட்டா கறுப்பா தெரியுது. ஆம்பளைங்க முன்னால திரும்பி நிக்க முடியல” என்றாள்.

முதலில் தண்ணீர் குடிக்க வைத்தோம். பிறகு பயிற்சி. பத்து நாளில் வந்து ஒன்றும் ஆகவில்லை என்றாள். மூன்று மாதம் ஆகும் என்றேன். இதைச் சொன்னால் பலர் திரும்பி வரமாட்டார்கள். ஊசி போட்டு நாளைக்கே சரியாக வேண்டும். ஆனால் புவனா விடாமல் செய்தாள். முக்கூட்டு ரோட்டில் டிராபிக் டியூட்டி பார்த்துக்கொண்டே எண்ணுவாளாம். நாலாவது மாதம் ஒரு காலை, யூனிபார்மோடு வந்து, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி என் காதருகே குனிந்தாள்.

“நேத்து பரேடுல தும்முனேன் சிஸ்டர். தும்மல் மட்டும்தான் வந்துச்சி.”

பத்திரமாக வைத்திருந்தது

தொண்டூர் லூர்து மேரிக்கு எழுபது வயசு. இருதயம் சரியில்லை, மயக்கம் கொடுத்துப் பெரிய ஆபரேஷன் செய்ய முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு ரிங் வைப்போம். ரப்பர் வளையம் மாதிரி இருக்கும். உள்ளே வைத்துவிட்டால் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து எடுத்துக் கழுவிப் போட வேண்டும். அதைத் தமிழில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். மகளிடம் சொன்னேன். சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். தலையாட்டிவிட்டுப் போனவர், நாலு வருஷம் கழித்து வந்தார்.

வெள்ளையும் ரத்தமும் போகிறது என்று வந்தார். சதை வளையத்தின் மேல் ஏறி மூடியிருந்தது. இரண்டு வாரம் களிம்பு போட்டுப் புண்ணை ஆற்றி, பிறகு டாக்டரம்மா மெல்ல மெல்ல, பொறுமையாக எடுத்தார். முக்கால் மணி நேரம் நான் லூர்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலியில் மாதாவே மாதாவே என்று முனகினாரே தவிர கையை உதறவில்லை. எல்லாம் முடிந்ததும் கறுத்துப் போயிருந்த வளையத்தைத் தட்டில் வைத்துக் காட்டி, ஏன் வரவில்லை என்று கேட்டேன். கேட்டதே தப்பு என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“நீங்க குடுத்தத தொலைக்காம பத்திரமாத்தான வச்சிக்கினு இருந்தேன்?”

சந்தையும் கோயிலும்

ஒரு வெள்ளிக்கிழமை. பெஞ்சில் இடமில்லை. தனம் என்று ஓர் அம்மா, அறுபது வயசிருக்கும், முக்காடு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். என் அறையில் சோதனை முடிந்து சுகன்யா என்ற பெண் வெளியே வந்தாள். இரண்டாவது பிரசவம் ஆகி ஐந்து மாதம். சிரித்தால்கூடக் கசிகிறது என்று வந்தவள். வீட்டில் மாமியாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும், கார்டில் பெயரைக்கூட மாற்றிப் போடுங்கள் என்று என்னைக் கெஞ்சியிருந்தாள். கதவைத் திறந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். முக்காட்டுக்குள் இருந்தது அந்த மாமியார்தான்.

“நீ சந்தைக்குப் போறேன்னு தான சொன்ன?” என்றார் தனம். “நீங்க கோயிலுக்குன்னு தான அத்த சொன்னீங்க?” என்றாள் சுகன்யா. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். விசாரித்தால், மாமியாருக்குப் பதினைந்து வருஷமாக இதே கதை. ராத்திரியில் துணியை நனைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் விடியும் முன் துவைத்துப் போட்டுவிடுவாராம். மருமகள் அதைப் பார்த்து, மாமியாருக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்திருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள். எனக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டு அடுத்தவரை டாக்டரம்மா அறைக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து தனம் மட்டும் வந்தார். எப்படி இருக்கிறது, வீட்டில் சமாதானமா என்று கேட்டேன்.

“சமாதானமா? சண்ட போட்டுக்கினேதான் ரெண்டு பேரும் எக்சைஸ் பண்றோம்.”

மேசையில் நான்

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கும் உண்டு. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு ஆரம்பித்தது. மாதா கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவள் நான். உச்ச ஸ்தாயிக்குப் போனால் ஆபத்து என்று ஆனதும் கீழ் சுருதிக்கு இறங்கினேன். பிறகு தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பாடுவதையே விட்டேன். கடைசி பெஞ்சுக்கு மாறினேன். பையில் மாற்றுப் புடவை இல்லாமல் வெளியே போவதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லித் தரும் பயிற்சியை நான் ஒரு நாளும் ஒழுங்காகச் செய்ததில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடம் அதைச் சொன்ன ஒருத்தியையும் நான் சும்மா விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் ஆக்சிஜன் சிலிண்டரை நகர்த்தும்போது ஏதோ கீழே இறங்குவது போல இருந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டைக் கூட்டித் துடைக்கும் முனியம்மா பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து, டாக்டரம்மா அறையில் கொண்டுபோய் விட்டாள். இருபது வருஷமாக நான் விரிப்பு மாற்றிய மேசையில் நானே ஏறிப் படுத்தேன். கால் இரண்டும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. அப்போது முனியம்மா என் முழங்காலில் லேசாகத் தட்டினாள்.

“இன்னா சிஸ்டர், வெக்கப்பட்டா வைத்தியம் நடக்காதுன்னு தெனம் கத்துவீங்களே, அது எங்களுக்கு மட்டுமா?”

மூன்று மாதம்

மண்டகப்பட்டு செல்விக்கு நாற்பத்தாறு வயசு. கர்ப்பப்பையைக் கீழ் வழியாக எடுத்து, தொங்கிப்போன சதையை இழுத்துத் தைத்தோம். நல்லபடியாக நடந்த ஆபரேஷன். டிஸ்சார்ஜ் அன்று வழக்கம் போல வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஏழுமலை சாதுவான மனுஷர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது” என்றேன். “தண்ணிக் கொடம்?” “கூடாது.” “அரக் கொடம்?” “அதுவும் கூடாது.” “மாட்டுக்குப் புல்லுக்கட்டு?” “கூடாதுங்க.” கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு, “சரி, நானே பாத்துக்கறேன்” என்றார். சொன்னபடி பார்த்தும் கொண்டார். குடம் தூக்கினார், சோறு வடித்தார். தெருவில் சிரித்தார்களாம், கண்டுகொள்ளவில்லையாம். முதல் செக்கப்புக்கு வந்தபோது செல்வியே பெருமையாகச் சொன்னாள். தையல் அழகாக ஆறியிருந்தது. அன்றைக்கு எனக்கு மதியச் சோறு ருசித்தது.

மூன்றாவது மாதம் வந்தாள். மேசையில் படுக்க வைத்து முக்கச் சொன்னதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கச் சதை மறுபடி இறங்கியிருந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன். மல்லாட்டை அறுவடை, அதாவது வேர்க்கடலை. ஆறு வாரம்கூட ஆகாத நேரத்தில் காய் முற்றிவிட்டது. இரண்டு மழை அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்டது. கூலி ஆள் கிடைக்கவில்லை. ஏழுமலை ஒற்றை ஆளாக ரெண்டு நாள் பிடுங்கி முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். செல்வி இறங்கிவிட்டாள். நாலு நாள் குனிந்து பிடுங்கி, செடிக் கட்டைத் தலையில் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

இப்போதைக்கு ரிங் வைப்போம், மறுபடி ஆபரேஷன் பிறகு யோசிப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் திட்ட வாயெடுத்தேன். திட்டுவதற்கு என்னிடம் நன்றாகத் தேய்ந்த வசனங்கள் நிறைய இருக்கின்றன. வெளியே பெஞ்சில் ஏழுமலை தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. செல்வி புடவையைச் சரி செய்துகொண்டே, ஒரு கணக்குப் புரியாதவள் போல, நிதானமாகச் சொன்னாள்.

“நா காத்துக்கினு இருப்பேன் சிஸ்டர். மல்லாட்ட மூணு மாசம் மண்ணுக்குள்ள காத்துக்கினு இருக்குமா? மொளச்சிடாது?”

ஆக, எங்களிடம் மாத்திரை உண்டு, ரிங் உண்டு, ஆபரேஷன் தியேட்டர் உண்டு, கைராசிக்கார டாக்டரம்மாவும் உண்டு. ஆனால் சீட்டின் கடைசி வரியில் நாங்கள் தவறாமல் எழுதிக் கொடுக்கும் ‘ரெஸ்ட்’ மட்டும் செஞ்சியில் எந்த மருந்துக் கடையிலும் ஸ்டாக் இருப்பதில்லை.