இறக்கி வைத்த வேகம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு பைக் மெக்கானிக் வேலை பார்த்துவந்தாள் ரோஸ்மேரி. அதற்கு முன்னால் பொன்னேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மேசையில் இருந்தவள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் ஊருக்குள் வந்த புதிதில், கார்புரேட்டரைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்குகள் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். அந்த வண்டிகளெல்லாம் அவள் கைக்கு வந்தன. புருஷன் வின்சென்ட் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினான். "என் பொண்டாட்டி எழுதுனா வண்டி படிக்கும்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், பிளக்கில் எப்போது பொறி தட்ட வேண்டும், எதற்கு மேல் இன்ஜினை முறுக்க விடக்கூடாது என்றெல்லாம் கம்பெனி எழுதி வைத்த கணக்கு சீட்டுக்கடியில் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். ரோஸ்மேரி அதில் கேபிளைச் சொருகி, லேப்டாப்பில் அந்தக் கணக்கை மாற்றி எழுதுவாள். பையன்கள் அதற்கு 'மேப் போடறது' என்று பேர் வைத்திருந்தார்கள். மேப் போட்ட வண்டியில் பிடியைத் திருகினால் இழுவை தெரியும்.

லைட்ஹவுஸ் குப்பத்துத் தேவேந்திரனுக்கும் அவள்தான் மேப் போட்டாள். அவனும் அவன் கூட்டாளி லோகநாதனும் நண்டு வியாபாரம் செய்தார்கள். லோகு படகில் பசியாவரம் பக்கம் போய் ஏரி நண்டுகளை வாங்கி வருவான். கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்திய கூடைகளை தேவேந்திரன் பைக்கில் ஏற்றி, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து மெட்ராஸ் வியாபாரிகளுக்கு அனுப்புவான். நண்டு உயிரோடு போனால்தான் விலை. மேப் போட்ட பிறகு அவன் ஒருநாளும் ரயிலை விட்டதில்லை. "அக்கா, வண்டி பறக்குதுக்கா" என்று தினம் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். ரோஸ்மேரிக்கும் அந்தச் சத்தம் கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

ஐப்பசி மழையில் திருப்பாலைவனம் வளைவில் அவன் கூடையோடு சறுக்கி விழுந்தான். முழங்கையிலும் தொடையிலும் தோல் உரிந்தது. அதோடு போனது. ஆனால் அடுத்த வாரம் அவன் மனைவி ஐஸ்வர்யா கொட்டகைக்கு வந்து நின்றாள். ஏழு மாத வயிறு.

"அக்கா, நீதானே வண்டி வேகத்த ஏத்திவுட்ட? நீயே இறக்கிடு."

"நீ அவன்கிட்ட சொல்லும்மா. அவன் வந்து சொன்னா இறக்கிடறேன்."

"சொல்லாம இருப்பனா? சொன்னா சிரிக்கிறாரு. வண்டி சத்தம் தூரமா போறவரைக்கும் வயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறேன்கா. அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு."

தேவேந்திரன் முழங்கையில் போட்டிருந்த கட்டு ரோஸ்மேரிக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த வேகத்தை அவனுக்குக் கொடுத்ததே தன் கைதான் என்பது ஏற்கெனவே அவளை அரித்துக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

தேவேந்திரன் ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனபோது காரியத்தை முடித்தாள். இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் முறுக்காதபடி உச்சவரம்பைக் குறைத்து எழுதினாள். பொறி தட்டுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாள். அவன் திரும்பி வந்ததும், "ஆயில் போட்டாச்சு, பார்த்துப் போ" என்றாள். அவன் எப்போதும்போல ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

இரண்டே நாளில் வந்தான். "இன்னாக்கா, வண்டி வலிக்கவே மாட்டேங்குது? மூச்சு முட்டுற மாதிரி நிக்குது."

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவளே நினைக்கவில்லை. அவன் டேங்கைக் காலி செய்து வேறு பங்கில் பெட்ரோல் போட்டான். செயினை மாற்றினான். ஏர் ஃபில்டரை மாற்றினான். ஒவ்வொன்றையும் அவளிடமே வாங்கி, அவளையே மாட்டச் சொன்னான். மாட்டும்போதெல்லாம் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே வேலை செய்தாள்.

ஒருநாள் ரயில் போய்விட்டது. பிறகு இன்னொரு நாள். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்ததில் கூடை கூடையாக நண்டு செத்தது. தேவேந்திரன் கிளம்புகிற நேரத்தை முன்னால் தள்ளிப் பார்த்தான். படகு வந்தால்தானே நண்டு, அது நடக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆயில் மாற்றிய அதே வாரம் லோகு ஒரு கல்யாணத்துக்காக வண்டியை வாங்கிக்கொண்டு சூளூர்பேட்டை வரை போய் வந்திருந்தான்.

லோகுதான் வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று படகுத்துறையில் எல்லோரும் பார்க்க இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஆனது. லோகு விடவில்லை. "வா, ரோஸ்மேரி அக்காவாண்டயே கேப்போம்" என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தான்.

"அக்கா, நீயே சொல்லு. ஒருநாள் சூளூர்பேட்டை போய்ட்டு வந்தா வண்டி இப்படி ஆவுமா? நான் எதுனா பண்ணியிருப்பனா?"

ரோஸ்மேரி கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், பிறகு வேறு யார் என்று தேவேந்திரன் கேட்பான். ஐஸ்வர்யாவின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் முன்னால் தன் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. கேட்காமல் கையை வைக்கிறவள் என்று பேர் வந்தால் இந்தச் சாலையில் எவன் வண்டியை விடுவான்?

"எதனாலயும் இருக்கலாம்ப்பா" என்றாள். "கண்டபடி முறுக்குனா தேயத்தான் செய்யும்."

லோகு அவளையே பார்த்தான். பிறகு தேவேந்திரனின் கையை விட்டுவிட்டு நடந்து போனான். அந்த மாதமே காட்டுப்பள்ளியில் கான்ட்ராக்டில் கன்டெய்னர் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று வின்சென்ட் வந்து சொன்னான். "நல்ல பையன்டி. சாப்பாட்டு நேரத்துல தனியா குந்திக்கினு இருக்கான். யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போன ரோஸ்மேரி, அந்தப் பொய்யோடு வாங்க மனம் வராமல் பாதியில் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஐஸ்வர்யாவைப் பார்த்து, "சொல்லிடலாம்மா" என்றாள். "குழந்தை பொறக்கட்டும்கா, உன் காலப் புடிக்கிறேன்" என்று அவள் அழுதாள். பெண் குழந்தை பிறந்தது. ரோஸ்மேரி பார்க்கப் போனபோது, தேவேந்திரன் குழந்தையை அவள் மடியில் கொடுத்து, "எங்க அக்கா மாதிரி நீ" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவளால் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து வந்தாள்.

மறுநாள் காலையில் போன் செய்து வண்டியோடு வரச் சொன்னாள். அவன் எதிரிலேயே கேபிளைச் சொருகி, லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். குறைத்து எழுதியது எது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

"நான்தான் பண்ணேன். லோகு மேல ஒரு தப்பும் இல்ல."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "யாரு சொல்லி?"

"நானாத்தான். நீ விழுந்த பயத்துல."

"எங்க வீட்டுல வந்து கேட்டாளா?"

ரோஸ்மேரி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. அவள் பழையபடி எழுதி முடிக்கும்வரை தூரத்தில் போய் நின்றான். பிறகு வண்டியை எடுத்தான். ஹாரன் அடிக்கவில்லை. அன்றிலிருந்து அவன் வண்டி மீஞ்சூரில் ஒரு கடைக்குப் போகிறது. ஐஸ்வர்யாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தானாம். குழந்தை அழுதபோது தானாகப் பேச்சு வந்துவிட்டதாம்.

தேவேந்திரன் துறைமுக கேட்டுக்கே போய் லோகுவை மறுபடியும் வியாபாரத்துக்குக் கூப்பிட்டான். லோகு சிரித்துப் பேசினான், டீ வாங்கிக் கொடுத்தான், ஆனால் வரவில்லை.

ஒரு மாலை ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில், கழுத்தில் அடையாள அட்டையோடு லோகுவே கொட்டகையில் வண்டியை நிறுத்தினான். யாரோ ஓட்டிய பழைய வண்டி, அவன் இப்போதுதான் வாங்கியது. பின்சக்கரம் பஞ்சர். ரோஸ்மேரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பல நாளாக மனசுக்குள் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை.

"என்ன மன்னிச்சிடு லோகு. அந்தப் பொண்ணு வயித்தோட வந்து கேட்டுச்சு, அதான்…"

"வண்டிய இறக்குனதுக்கு எனக்கு இன்னாக்கா கோவம்? அவன் விழாம இருந்தா சரி." அவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவன் என்ன நம்பல. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பான். உனக்குத் தெரியும்ல, நான் பண்ணலன்னு?"

"தெரியும்."

"அவ்ளோதான்" என்றான்.

ரோஸ்மேரி சக்கரத்தைக் கழற்றினாள். அவன் மரத்தடியில் போய் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடினாள். கண் கலங்கிப்போய் அவளுக்கு ஓட்டை தெரியவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினாள்.