றப்பர் மான்

அன்று நடந்தது இதுதான்:

1. கனடாவிலிருந்து வந்திருந்த மாமா அப்பாவையும் என்னையும் காட்டுக்குக் கூட்டிப்போனார்.
2. அங்கே றப்பரில் செய்த மிருகங்களை நோக்கி அம்பு விடலாம். அப்பா விட்டார். ஒன்றும் படவில்லை.
3. கடைசியில் ஒரு மானைக் கண்டோம். அதை நெருங்குவதற்கு வெகுநேரம் எடுத்தது.
4. அப்பா அம்பை விட்டார்.
5. மான் எங்களைத் திரும்பிப் பார்த்தது.
6. அப்பா மாமாவின் கன்னத்தில் அறைந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாவது எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. ஆறாவது விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

மாமா அம்மாவின் தம்பி. கனடாவில் லொறி ஓட்டினார். ஒவ்வொரு நவம்பரிலும் கூட வேலைசெய்யும் வெள்ளைக்காரருடன் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார். அவர்கள் தேடிப்போவது வெள்ளைவால் மான். அதிலும் வயதான ஆண் மான். குட்டிகளும் பெட்டைகளும் யாருக்கும் கிட்ட வரும், கிழவன் வரமாட்டான் என்பார். எங்கள் வீட்டுக் கணினியில் படங்களைப் போட்டுக் காட்டினார். எல்லாப் படத்திலும் மாமா முழங்காலில் நின்று கொம்பைப் பிடித்தபடி சிரித்தார். அம்மா முதல் படத்தைப் பார்த்ததுமே எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் ஜெர்மனியில் எசன் நகரத்தில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஓர் 'அன்ட்ராக்' இருந்தது. ஜெர்மன் குடியுரிமைக்கு அப்பா கொடுத்திருந்த விண்ணப்பத்தைத்தான் அப்படிச் சொல்வோம். பக்கத்து அறையில் நோயாளி ஒருவர் படுத்திருப்பதுபோல அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். அந்த மாதங்களில் அப்பா ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நின்றார். ட்ராமில் ஏறினால் இறங்கும்வரை பயணச்சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "ஒரு சின்னக் கேஸ் வந்தாலும் எல்லாம் போச்சு" என்று அம்மாவிடம் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேஸ் என்றால் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரக்கூடாத ஆட்களில் அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

ஜெர்மனியில் துப்பாக்கியால் வேட்டையாடலாம், வில்லால் கூடாது என்று கேட்டபோது மாமா கொதித்துப்போனார்.

"இதென்ன நாடு! துவக்கு ஓமாம், வில்லு ஏலாதாம்."

பிறகு எங்கேயோ விசாரித்து, சவர்லாந்துப் பக்கம் ஒரு காட்டில் றப்பர் மிருகங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். வில்லையும் அங்கேயே வாடகைக்குத் தருவார்களாம். போவதற்கு முதல்நாள் வீட்டில் ஒன்றும் பொரிக்கக்கூடாது என்றார். எங்கள் ஜாக்கெட்டுகளைப் பல்கனியில் காயப்போட்டார். சாமித்தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்கவாம்.

"மான் என்ன பொம்பிளை பாக்கவோ வருகுது?" என்றார் அம்மா. "மணந்தா மணக்கட்டும். திருநீற்றை வை அங்கை."

"றப்பர் மானுக்கு மூக்கு வேலைசெய்யாதே, மாமா?" என்றேன் நான்.

"பழக்கம் எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை."

காட்டின் வாசலில் ஒரு மரக்குடில். அங்கே இருந்த தாடிக்காரர் விதிகளைச் சொன்னார். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியும். ஆனாலும் விதி என்று வந்தால் என்னைக்கொண்டு மொழிபெயர்ப்பித்துத்தான் நம்புவார். முன்னால் ஆட்கள் நின்றால் விடக்கூடாது. குழந்தை எப்போதும் பின்னால் நிற்கவேண்டும். உயிருள்ள மிருகங்களும் இந்தக் காட்டில் திரிகின்றன, அவற்றை நோக்கி வில்லைத் தூக்கினாலே பொலிஸுக்கு அறிவிப்பார்கள். கடைசி விதியை அப்பா என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

பிறகு அப்பா மாறிப்போனார். வெகுகாலத்துக்குப் பிறகு கிடைத்த லீவு நாள் அது. றப்பர் பன்றி, றப்பர் கரடி, றப்பர் ஓநாய் என்று ஒவ்வொன்றாக வந்தன. மாமாவின் அம்புகள் போய்க் குத்தி நின்றன. அப்பாவினுடையவை இலைச்சருகுக்குள் போயின.

"அத்தான், கரடிக்கு வலதுபக்கம் பற்றையிலை ஆர் நிக்கினம்? அவையைத்தான் குறி பாக்கிறியள் போல."

"பாவம், அது என்னை என்ன செய்தது?" என்று அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பாதையின் கடைசிப் பகுதியில் மாமா சட்டென்று கையை உயர்த்தினார். பீச் மரங்களுக்கு நடுவே தூரத்தில் மண்ணிறமாக ஒரு முதுகு தெரிந்தது.

"அதுதான் வெள்ளைவால்" என்றார் தாழ்ந்த குரலில். "வாசல் பலகையிலை போட்டிருந்தவங்கள். இது கடைசி, அத்தான். இதையெண்டாலும் உண்மையான வேட்டை மாதிரிச் செய்வம்."

டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் திருநீற்றை வைத்து ஊதினார். அது திரும்பி எங்கள் முகத்திலேயே விழுந்தது. மாமா தலையாட்டினார். காற்று மானிடமிருந்து எங்களிடம் வருகிறது, நல்லது. பிறகு கட்டளைகள்: பாதத்தின் வெளிவிளிம்பை முதலில் வை. சுள்ளி இருந்தால் காலைத் திருப்பி எடு. கதைக்காதே. மானைப் பார்க்காதே.

"கண்ணைப் பாத்தா அதுக்குத் தெரிஞ்சிடும். என்ரை குதிக்காலை மட்டும் பாருங்கோ. நான் நிண்டா நில்லுங்கோ, நடந்தா நடவுங்கோ."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் இருவரும் குனிந்து மாமாவின் சப்பாத்தைப் பார்த்தபடி நடந்தோம். சில இடங்களில் மூன்று நான்கு அடி தொடர்ந்து வைப்பார். சில இடங்களில் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார்; நிற்பார்; நின்றுகொண்டேயிருப்பார். றப்பர் மானுக்கு முன்னால் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கால் விறைத்தது. ஒரு நாற்றம் வந்தது, கிடாய் ஆட்டின் நாற்றம்போல, ஆனால் இன்னும் மோசமாக.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் மாமா எங்களை நிமிரவிட்டார்.

மான் பக்கவாட்டில் நின்றது. அவ்வளவு அழகான றப்பரை அன்று முழுவதும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. கனடாப் படங்களில் வெள்ளைவாலின் கொம்பு சுள்ளிபோலக் கிளை கிளையாக இருக்கும். இதன் கொம்பு விரித்த கைபோலத் தட்டையாக இருந்தது.

"மாமா, இது வேற கொம்பு" என்று அவர் காதில் சொன்னேன்.

"ஜெர்மன்காரன் செய்தது. அவனுக்குத் தெரிஞ்ச கொம்பைத்தானே வைப்பான். அத்தான், விடுங்கோ. இவ்வளவு கிட்ட ஆருக்கும் கிடையாது. முன்னங்காலுக்குப் பின்னாலை."

அப்பா நாணை இழுத்தார். இம்முறை அவசரப்படாமல் குறி பார்த்தார்.

அப்போது மானின் மூக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

"அப்பா, அது மூச்சு விடுது."

நான் சொல்லி முடிக்கும்போது அம்பு போய்விட்டது.

அது மானின் வயிற்றுக்குக் கீழால் போய் இலைகளுக்குள் சீறி மறைந்தது. மான் தலையைத் திருப்பி எங்கள் மூவரையும் பார்த்தது. அதன் கண் ஈரமாக இருந்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் மறைந்தது. நிலம் அதிர்ந்ததை என் பாதத்தில் உணர்ந்தேன்.

மாமா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உயிர் மான், அத்தான்! கண்ட உடனை எனக்குத் தெரியும். நீங்கள் படாதெண்டும் தெரியும். விடியத் தொடங்கி ஒண்டும் படேல்லைத்தானே! ஊரிலை சொல்லலாம், மச்சான்மார் ரெண்டுபேரும்..."

அப்பா அறைந்தார். சத்தம் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. அதற்குமுன் அப்பா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் கதவைக்கூட அவர் அறைந்து சாத்துவதில்லை.

"உன்ரை பாஸ்போட் உன்ரை பொக்கற்றுக்கை இருக்கு" என்றார் அப்பா.

மாமாவைக் கனடாவுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா கன்னத்தைப் பிடித்தபடி நின்றார். அப்பா முழங்காலில் விழுந்து இலைகளைக் கைகளால் கிளறிக்கொண்டிருந்தார். அம்பைக் கண்டெடுத்து என்னிடம் நீட்டினார்.

"உனக்குக் கண் நல்லம். வடிவாப் பார். ரத்தம் இருக்கோ?"

"இல்லை."

"மயிர்?"

"இல்லை, அப்பா."

அதன் பிறகும் கைக்குட்டையால் அதை முழுக்கத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே பாதையில் நாயோடு ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, ஏதாவது பட்டதா என்று கேட்டார். நான் சொல்வதற்கு ஆசையாக வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் இறங்கியது. நோகும்படி அழுத்தியது. "ஒன்றுமில்லை, ஒன்றுமேயில்லை" என்று அவர் ஜெர்மனில் தேவையில்லாத சத்தத்தோடு சொன்னார். அவர்கள் மறையும்வரை சிரித்தபடியே நின்றார். அவர்கள் போனதும் மரத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க அவருக்கு மாமாவின் கை தேவைப்பட்டது.

வீட்டில் அம்மா மாமாவின் கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

"கொப்பு அடிச்சது, அக்கா."

"கொப்புக்கு அஞ்சு விரலோ?"

அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சில வாரங்களுக்கு வாசல்மணி அடித்தால் அப்பாதான் முதலில் எழுந்தார். எழுந்து, உடனே திறக்காமல் நின்றார்.

அப்பாவுக்கு மான் என்றால் பயம் என்று நான் முடிவுசெய்தேன். தொலைக்காட்சியில் மான் வந்தால் அவருக்காக வேறு நிகழ்ச்சிக்கு மாற்றினேன். எங்கள் அப்பா மானுக்குப் பயந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தோழிக்கு இரகசியமாகச் சொன்னேன். அப்பா என்னைத் திருத்தவில்லை. ஒருமுறை, "இனி மாத்தத் தேவையில்லை, பிள்ளை, பயம் போயிட்டுது" என்று மட்டும் சொன்னார். அன்று குடியுரிமைப் பத்திரம் வாங்கிவந்த நாள் என்பதை நான் அந்தப் பேச்சோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இப்போது நிலைமை இது. மாமா இன்னும் நவம்பரில் காட்டுக்குப் போகிறார். அப்பாவும் அவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். படங்களை மட்டும் மாமா எங்களுக்கு அனுப்புவதில்லை. அப்பா, அம்மா, நான் மூவரிடமும் ஜெர்மன் பாஸ்போட் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தின் பிரதியை வளர்ந்த பிறகுதான் பார்த்தேன்: அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரும், அதற்குக் கீழே என் பெயரும் இருந்தன.