நெய் வியாபாரிக்குப் பத்தியம்

வியாதியைக் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் போதும்; வியாதிக்காரர் இலையிலிருந்து நெய்யை எடுக்கப் போலீஸ்தான் வேண்டும். அறுபதுகளில் தென்னூரில் க்ளினிக் வைத்திருந்த எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். பத்தியம் எழுதி எழுதிக் கை ஓய்ந்த சக டாக்டர்களே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

சாப்பாடு வேறு, தொழில் வேறு

காந்தி மார்க்கெட்டில் நெய் மண்டி வைத்திருந்தவர் சிதம்பரம். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். "தை மாசம் பொண்ணு கல்யாணம் டாக்டர். அதைப் பாக்காமப் போயிடக் கூடாதுங்க" என்று கண் கலங்கினார். நெய், முட்டை மஞ்சள் கரு, ஆட்டுக்கறி எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவர் மனைவி வீட்டு நெய் ஜாடியையே கழுவிக் கவிழ்த்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் அசையவே இல்லை!

சந்தேகப்பட்டு ஒருநாள் மண்டிக்கே போனேன். மனுஷன் வரிசையாக டின்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, முகர்ந்து, நக்கி, தலையாட்டிக்கொண்டிருக்கிறார். நான் எண்ணியவரை பதினொரு டின். "அடப்பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"சாப்பிடலைங்க டாக்டர், ருசிதான் பாக்கறேன்."

பரீட்சைக்கு முதல் நாள்

ஸ்ரீரங்கத்தில் ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர். எப்போது ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னாலும், ஏகாதசிப் பட்டினி இருந்து மறுநாள் துவாதசி காலையில்தான் வருவார். மற்ற நாளெல்லாம் அக்காரவடிசல், நெய் முழங்கை வரை ஒழுகும். ஒருநாள் பட்டினி எந்த மூலைக்கு என்று கேட்டேன்.

"முதல் நாள் மட்டும் படிச்சு பாஸ் பண்ணின பசங்களை முப்பது வருஷம் பாத்துட்டேன் டாக்டர். நான் மட்டும் வருஷம் பூரா படிக்கணுமோ?"

வராத டின்

சிதம்பரம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ருசி பார்க்கிற வேலையைத் தம்பியிடம் விட்டார். கொலஸ்ட்ரால் இறங்கியது. தை மாதம் மணமேடையில் அவர் திடமாக நின்றார். ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். நன்றிக்காக அவர் மாதாமாதம் எனக்கு அனுப்பிய நெய் டின்னை மட்டும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. பொங்கலுக்கு, பருப்புக்கு, தோசைக்கு என்று வெளுத்துக்கட்டினேன்.

அந்தக் கோடையில் மலைக்கோட்டைப் படியில், பாதி வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். ரத்தத்தைப் பார்த்தால், சிதம்பரத்தின் பழைய ரிப்போர்ட்டைவிட என்னுடையது மோசம். விஷயம் எப்படியோ மார்க்கெட் வரை போய்விட்டது. ஒண்ணாம் தேதி அவர் வெறுங்கையோடு வந்து, எதிரே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே டின் வராதுங்க டாக்டர். பேரன் பொறக்கறப்ப நான் இருக்கணும்னா, நீங்க இருக்கணும்."

ஊருக்கெல்லாம் நான் சொன்ன பத்தியத்தை நானே கேட்க, ஒரு நெய் வியாபாரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.